தலைமாட்டுப் பக்கம்

"தலைமாட்டுல யாரு?" என்று சித்தப்பா கேட்டபோது, பெரியக்கா மடித்த போர்வையையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் இல்லாத மாடி வீடு. கீழே வண்டி காத்திருந்தது. மெக்கானிக்கை ஸ்ட்ரெச்சரில் கிடத்திக் கட்டியாயிற்று. அவளுக்கு நேர் இளைய தம்பி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், உயிரோடு எழவில்லை. தூக்க மூன்று பேர் வந்துவிட்டார்கள். தலைப்பக்கம் காலி.

"கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். அடுத்தவனா வந்து கை குடுக்கணும்?" என்றார் சித்தப்பா.

கடைசித் தம்பி சின்னவன் முன்னால் வந்தான். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

உறவுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்பதுதான். பொய்யும் இல்லை. அதில் புற்று வந்து வயிறெங்கும் பரவியதையும், நாள் முழுக்க வெட்டியெடுத்து, சூடாக்கிய மருந்தை உள்ளே ஓடவிட்டுக் கழுவியதையும் பெரியக்கா வாசல் தாண்ட விடவில்லை. "நம்ம வீட்டைப் பாத்து ஒருத்தரும் உச்சுக் கொட்டக் கூடாது" என்று இரண்டு தம்பிகளிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவன் மெக்கானிக். "ரேடியேட்டரைச் சுடுதண்ணி விட்டுக் கழுவுற மாதிரிதான்டா. வண்டி இன்னும் ரொம்ப தூரம் ஓடும்" என்பான். சின்னவனுக்குச் சிரித்தால் தையல் வலிக்கும், திட்டுவான்.

போன மாதம் ஸ்கேன் சுத்தமாக வந்தது. பாரம் மட்டும் தூக்கக் கூடாது, வயிற்றுக்குள் போட்ட தையல் விட்டுப்போகும் என்றார் டாக்டர்.

"நீ தள்ளிக்கோ" என்றாள் பெரியக்கா, மெல்ல.

"பரவால்லக்கா. என்னை எத்தனை தடவ தூக்கி உக்கார வெச்சிருப்பான்."

"நல்லாருக்கு" என்றார் சித்தப்பா. "அப்பெண்டிக்ஸுக்கே இத்தனை சொகுசா?"

சின்னவன் குனிந்தான். பெரியக்கா போர்வையைக் கீழே வைத்தாள்.

"அவன் தூக்க மாட்டான் சித்தப்பா. அவனுக்கு வந்தது கேன்சர். வயித்தைப் பூரா திறந்து, பொழச்சு வந்திருக்கான்."

கூடத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவள் நிமிர்ந்தே நின்றாள்.

சித்தப்பா சின்னவனின் தோளைத் தொட்டு நகர்த்தினார். நரைத்தாலும் தளராத உடம்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனார்.

சின்னவன் முன்னால் இறங்கினான். குறுகிய படிக்கட்டு. திருப்பம் வந்தபோதெல்லாம் சுவர் முனைக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தான்.

"மெதுவா... மெதுவா" என்ற அவன் குரல் கீழே போய்க்கொண்டே இருந்தது.