தானாக இறங்கிய படங்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு செல்போன் கடையில். உடைந்த கண்ணாடியை மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் வந்து, போன் நிறைந்துவிட்டது, எதுவும் ஓடமாட்டேன் என்கிறது என்றார். கடைக்காரர் ரகுநாத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு ஆப் அதுபாட்டுக்கு உள்ளே படங்களை இறக்கிக்கொண்டே இருக்கிறது, எல்லாம் ஒரு குழந்தையின் படங்கள், அழித்துவிடலாமா என்று கேட்டார். பெரியவர் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் இட்டுக்கட்டல். அவருக்குச் சோலையப்பன் என்று பெயர் வைத்தேன். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வீடு திருக்கோகர்ணத்தில்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பொன்னமராவதியிலிருந்து கிளம்பிய பேருந்தின் கண்ணாடியில் மழைத்துளிகள் வழிந்து...'

(வேண்டாம். கதைகளில் பெய்த மழை போதும். எங்கள் பக்கம் அவ்வளவு பெய்வதும் இல்லை.)

அடுத்து:

'அன்புமொழி தன் அப்பாவை வெறுத்தாள்.'

(பொய். வெறுத்திருந்தால் கதைக்கு வேலையே இல்லை.)

மூன்றாவது தொடக்கம் நிலைத்தது. அம்மா உண்ணாமலைக்குக் கண்புரை ஆபரேஷன் என்று தெரிந்ததும், நாலைந்து வருஷம் கழித்து அன்புமொழி அப்பா வீட்டுக்கு வந்தாள். ஓடி விளையாடும் பிள்ளையாகிவிட்ட மகள் ஷர்லியைக் கணவன் பெலிக்ஸிடம் கோயம்புத்தூரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள்.

3

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

பள்ளி விடுமுறைகளில் அன்புமொழிக்கு அப்பாவின் பேருந்துதான் வீடு. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், சாக்கு விரித்த இன்ஜின் பானெட்டின் மேல் உட்கார்ந்துகொள்வாள். தொடை சுடும். எழுந்திருக்க மாட்டாள். அப்பா கியர் மாற்றும்போதெல்லாம் அவள் கால் தானாக ஒதுங்கும். பொங்கலுக்குப் பொங்கல் புதுச்சட்டையோடு அவளை ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பார். கழுவிக் கொடுக்க ஒரு வாரமாகும். அந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் ஸ்டூடியோ வாசலில் போய் நிற்பார். ஆயிருச்சா என்பார். இன்னும் ஆகலண்ணே என்பார்கள். சளைக்காமல் மறுநாளும் போவார். வந்த படம் ஸ்டியரிங்குக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறும். பழையது வீட்டுக்கு வரும்.

[நான் பானெட்டில் உட்கார்ந்ததில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு டிரைவர் மகளைக் கூட்டத்தில் நசுங்கியபடி பொறாமையோடு பார்த்திருக்கிறேன். இந்தப் பத்தியை எழுதும்போது அந்தப் பொறாமை கொஞ்சம் தீர்ந்தது.]

4

இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புமொழி படித்து, கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். குடும்பங்கள் சேர்ந்து பார்க்கிற ஆல்பம் ஒன்றைச் செல்போன் செயலியாகச் செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரே ஒரு வேலைதான் அவளுடையது. போனை யாரும் தொடாத நேரத்தில், சத்தம் காட்டாமல் புதுப் படங்களை இறக்கி உள்ளே வைக்க வேண்டும். திறக்கிறவர் காத்திருக்கக் கூடாது. திறந்ததும் படம் இருக்க வேண்டும். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிய போனில் அதைப் போட்டுச் சோதித்துப் பார்த்தாள். இருவர் போனும் சேர்ந்த அந்த ஆல்பத்துக்கு 'வீடு' என்று பெயர்.

பிறகு பெலிக்ஸ் வந்தான். கல்யாணத்துக்கு அப்பா சம்மதிக்கவில்லை. "இனிமே இங்கிட்டு வராத" என்றார். அதுதான் கடைசி வார்த்தை.

ஷர்லி பிறந்ததும், பெலிக்ஸின் அம்மா பார்க்கட்டுமே என்று படங்களை அதே ஆல்பத்தில் போட்டாள். அப்பாவின் போனை அவள் நினைக்கவே இல்லை. அந்தக் கோபத்தில் அவர் செயலியை எப்போதோ அழித்திருப்பார் என்றுதான் எண்ணியிருந்தாள்.

5

வந்த அன்று அப்பா அவளிடம் பேசவில்லை. கண்ணில் கட்டோடு படுத்திருந்த உண்ணாமலை வழியாகப் பேசினார். சாப்பிட்டாளான்னு கேளு என்பார். மூவரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். சாப்பிட்டேன்னு சொல்லும்மா என்பாள் அவள். கண் தெரியாத அம்மா இருபக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சலித்துப்போனாள்.

மறுநாள் காலையில் போனைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். நெறஞ்சு போச்சாம், என்னன்னு பாக்கச் சொல்லு.

திறந்தாள். ஷர்லி. ஷர்லி தூங்குகிறாள், தவழ்கிறாள், சோற்றுக் கையோடு சிரிக்கிறாள். போட்ட படம் ஒன்றுவிடாமல் இருந்தது. இவ்வளவு மட்டமான போனில்கூட வேலை செய்கிறதே என்பதுதான் அவள் மனசில் முதலில் ஓடியது. அப்புறம்தான் மற்றது தோன்றியது. இறங்கியிருக்கிறது, சரி. அப்பா பார்த்தாரா?

(இங்கே இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், ஒரு படத்தையும் அவர் திறக்கவில்லை என்று தெரிந்து அன்புமொழி அழுகிறாள். மற்றதில், எல்லாவற்றையும் திறந்திருக்கிறார் என்று தெரிந்து அழுகிறாள். இரண்டிலும் அழுதுகொண்டே இருந்ததால் இரண்டையும் கிழித்தேன்.)

6

மூன்றாவதில் அவள் அழவில்லை. நேராகக் கேட்டாள்.

"அப்பா, படம் நெறைய கெடக்கு. பழசக் கொஞ்சம் எடுத்துரவா?"

"வேணாம்த்தா."

உண்ணாமலை கட்டிலில் அசையாமல் இருந்தாள். இந்தமுறை யாருக்கும் அவள் தேவைப்படவில்லை. சோலையப்பன் நாற்காலியை இழுத்து மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். தினமும் டீக்கடையில் உட்கார்ந்து பார்ப்பாராம். உண்ணாமலைக்குத் தெரியாதாம்.

"தெரியும்" என்றாள் உண்ணாமலை.

அதை அவர் காதில் வாங்கவில்லை. "நான் ஒரு வார்த்த பேசல. ஒம் புருசன் பேரக்கூட இந்த வீட்டுல எடுக்க விடல. ஆனா நீ விடல பாரு. புள்ள பொறந்த அன்னைக்கே அனுப்புன. பல்லு மொளச்சப்ப அனுப்புன. நான் பதில் போடலன்னும் நீ நிறுத்தல. எனக்குத்தான் ரோசம், எம் மகளுக்கு இல்லன்னு நெனச்சுக்குவேன்."

அன்புமொழி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கென்று அவள் ஒரு படம்கூட அனுப்பவில்லை. அனுப்பியது செயலி. அந்தச் செயலியில் படங்களைக் கொண்டுவந்து சேர்க்கிற பகுதியை எழுதியது அவள்.

"எனக்குன்னுதான அனுப்புன?" என்றார் அப்பா.

7

இதற்கு மேல் என்னிடம் இல்லை.

'ஆமாப்பா' என்று எழுதினேன். அது பொய் என்று எனக்குத் தெரிந்ததால், அவள் குரல் பிசிறியது. அப்பா முப்பது வருஷம் இன்ஜின் சத்தம் கேட்டவர். பிசிறு தெரிந்துவிடும். அடித்தேன்.

'இல்லப்பா, அது தானா எறங்கும்' என்று எழுதினேன். அதற்கடுத்த வரியில் அவர் முகத்தை எழுத வேண்டியிருந்தது. எழுத வரவில்லை. அதையும்...

'அத எறக்கிவிடுறத எழுதுனதே நான்தாம்ப்பா' என்று ஒன்று யோசித்தேன். உண்மைதான். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலா என்று தெரியவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். நீங்களும் ஒருவருக்குப் பிள்ளைதான், சொல்லத் தெரியும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் மகளிடம் அவர் நேராகக் கேட்டது இந்த ஒன்றுதான். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.