உட்காரச் சொல்லும்வரை

மகள் ஜன்னலோரம் நின்று தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் அப்பா கட்டிலைவிட்டு எழுந்து நிற்கிறார். மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்த மனிதர், யார் கையையும் பிடிக்காமல், சுவரைப் பார்த்து நேராக நின்றார்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெபம் பலித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஊசி போட வந்த நர்ஸ்கூட அசந்துபோனாள். உடம்பில் தெம்பு வந்துவிட்டது, அவர் பாட்டுக்கு நிற்கட்டும், குடிக்க ஏதாவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா பால் காய்ச்ச ஓடினாள்.

மகளுக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் நடத்திய வாத்தியார். இவளும் அவரிடம் படித்தவள்தான். அவர் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. பதில் தெரியாதவர்கள் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அவராக உட்காரச் சொல்லும்வரை உட்காரக் கூடாது. இப்போது அப்பாவும் கைகளைப் பின்னால்தான் கட்டியிருந்தார்.

அவர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. பைபிளில் யோபுவிடம், நான் பூமியைப் படைத்தபோது நீ எங்கே இருந்தாய் என்று கடவுள் அடுக்கடுக்காகக் கேட்டாரே, அந்த நீதிமானே வாயைப் பொத்திக்கொண்டாரே, அந்தக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிக் கொடுத்த பலே ஆள். சாவு வீட்டுக்குப் போனாலும் சும்மா வரமாட்டார். இந்தச் சாவு ஏன் வந்தது என்று விளக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். மகளின் கைக்குழந்தை தூக்கத்திலேயே இறந்தபோதும் விளக்கினார். கடவுள் இருக்க வேண்டிய இடத்தில் நீ பிள்ளையை வைத்தாய், அதனால் எடுத்துக்கொண்டார் என்றார். அதற்குப் பிறகும் அவள் அவருக்குப் பீமூத்திரம் அள்ளினாள், மருந்து கொடுத்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வார்த்தையை அவர் வாயாலேயே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இன்னும் அந்த வீட்டில் இருந்தாள்.

"இல்லைங்க. அப்ப நான் பொறக்கவே இல்லைங்க," என்றார் அப்பா, சுவரிடம். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "அதுவும் தெரியலைங்க."

அவள் அவரை உட்காரவைக்க இழுத்துப் பார்த்தாள். எலும்பும் தோலுமான உடம்பு, ஆனால் அசைக்க முடியவில்லை. மின்விசிறி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. துணிக்கொடியில் கிடந்த துண்டெல்லாம் ஆடியது. அவருக்கு எதிரே தொங்கிய காலண்டரின் தாள்கள் மட்டும் அசையவில்லை.

"யாருப்பா?" வருஷக்கணக்கில் கூப்பிடாத வார்த்தை தானாக வந்துவிட்டது.

"மெதுவாப் பேசு. கேட்டுக்கிட்டிருக்காங்க."

பிறகு அவர் முகம் கோணியது. பாடம் படிக்காமல் வந்த பிள்ளை மாதிரி அவளைப் பார்த்து முழித்தார்.

"உன் பிள்ளை ஏன் போனான்னு கேக்குறாங்கம்மா."

பழைய விளக்கத்தையே சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"எனக்குச் சொன்னீங்களே. அதையே சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கும் தெரியாது."

சுவரிடம் திரும்பி அதையே மறுபடி சொன்னார். அவள் காதில் எதுவும் விழவில்லை. யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

"உக்காரச் சொல்லிட்டாங்க," என்றார், நம்ப முடியாமல்.

கட்டிலில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தார். காலண்டர் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. அவள் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா தம்ளரோடு வந்தாள். தானாகவே உட்கார்ந்துவிட்டாரே என்று பூரித்துப்போனாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டிப் பாலை வாயருகே கொண்டுபோனாள்.

மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறும்மா."

சூடு ஆறட்டும் என்கிறாள் என்று நினைத்து, அம்மா பாலை ஊத ஆரம்பித்தாள்.