சுருளி மாமா வாளி தூக்கினார்

பேரையூர் சரண்யாதேவிக்கு அறிவுரை சொல்லாமல் இருப்பது பட்டினி கிடப்பது மாதிரி. ஆனால் அவள் ஆன்லைனில் படிக்கும் ஆரோக்கியப் பயிற்சியாளர் சான்றிதழ் படிப்பில் முதல் விதியே அதுதான்: வந்தவருக்கு வழி சொல்லாதே, கேள்வி கேள், வழியை அவரே கண்டுபிடிப்பார். பழகிப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று, சர்க்கரை ஏறிப்போயிருந்த தாய்மாமன் சுருளியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஞாயித்துக்கெழம எழுமலையில சம்பந்தி வீட்டுக் கெடா வெட்டு. பந்தியில உக்காந்தா கைய அடக்க முடியாது. போகலைன்னா கோவிச்சுக்கிருவாக. என்னதேன் செய்யச் சொல்ற?" என்றார் மாமா.

'வாயைக் கட்டுங்க மாமா' என்பது நுனிநாக்கு வரை வந்துவிட்டது. மென்று விழுங்கினாள். பாடத்தில் காட்டியபடி தலையைச் சாய்த்து, "நீங்களா என்ன செய்யலாம்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

மாமா மீசையைத் தடவி யோசித்தார். "உக்காந்தாத்தானே திங்கணும்? நான் பரிமாறப் போறேன்!"

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டி, குழம்பு வாளியும் கையுமாக வரிசை வரிசையாக ஓடினார். சம்பந்திகளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இலைமுன் பெருமையோடு உட்கார்ந்திருந்த சரண்யாதேவிக்குக் கறியை அள்ளி அள்ளி வைத்தார். மறுபடியும் வாளி வந்ததும் அவள் திணறினாள்.

"ஐயோ மாமா, வேணாம்னு சொல்ல மனசு வரல, வயித்துல எடமும் இல்ல. இப்ப என்ன செய்ய?"

கரண்டியை இலைக்கு மேலேயே நிறுத்திய மாமா, அவளைப் போலவே தலையைச் சாய்த்தார்.

"ஏத்தா, நீயா என்ன செய்யலாம்னு நெனைக்கிற?"