ஐந்தாவது அலை

சுபஹ் தொழுகை நேரத்திலிருந்து மகனைக் கண்மூட விடவில்லை சிபானா. கைதட்டல், பாட்டு, உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு! மூன்று மாதப் பஸால் கல்முனை கிளினிக்கில்தான் தூங்க வேண்டும். தூங்கினால்தான் மிஷின் காதைச் சோதிக்கும்.

பிறந்த கிழமையே கடும் செங்கமாரி அவனுக்கு; அந்த மஞ்சள் காமாலை கேள்வியைப் பாதித்திருக்குமோ என்று பயம்.

"காது நல்லாத்தான் இருக்கு," காதுக்குள் லைட் அடித்துப் பார்த்த, கிளினிக்கில் காது சோதிக்கும் நிரோஜினி மிஸ் சொன்னாள். "ஆனா காதில இருந்து மூளைத்தண்டுக்குச் சத்தம் போற பாதை பழுதாயிருக்கா எண்டு பாக்கோணும்."

பஸாலோ முழித்து முழித்துச் சிரித்தான்.

"தாகா இஞ்ச!" என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தான் அவள் புருஷன் றிபாஸ். ஊருக்கெல்லாம் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்பவன். மெதுவாகப் பேசத் தெரியாதவன். பத்து நிமிடத்தில் திரும்பினான். தோளில் பஸால், குறட்டை!

நெற்றியிலும் காதுகளின் பின்னாலும் வயர்கள். தலையில் குட்டி ஹெட்போன். வலது காதில் டிக் டிக் டிக்... திரையில் சின்னச் சின்ன மேடுகள் எழுந்தன.

"அஞ்சாவது அலை தெரியுதா? 'ஓம், கேட்டிட்டன்' எண்டு மூளைத்தண்டு சொல்லுது," என்றாள் நிரோஜினி.

இடது காது. டிக் டிக் டிக்.

மேடு இல்லை. மறுபடியும்... இல்லை!

சிபானா திரையை நோக்கிக் குனிந்தாள். "யா அல்லாஹ்..."

ஹெட்போனைச் சரிசெய்யக் கழற்றிய நிரோஜினி மூக்கைச் சுருக்கினாள். குப்பென்று அத்தர் வாசம். காதுத் துவாரத்தை அடைத்துக்கொண்டு ஒரு பஞ்சு உருண்டை!

சிபானா மெல்லத் திரும்பி றிபாஸைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாளெல்லா..." அவன் ஜுப்பாவுக்குள் சுருங்கினான். "வெளிய போகக்குள்ள எனக்கு அத்தர் பஞ்சு வெச்சன். மகனுக்கும் ஒரு துண்டு, காது மடலுலதான் வெச்சன் மிஸ்! ஹெட்போன் உள்ள தள்ளிட்டு!"

"ஊட்ட வாங்க, ஒங்கட ரெண்டு காதையும் அடைக்கிறன்!" பல்லைக் கடித்துக் கிசுகிசுத்தாள் சிபானா.

பஞ்சு போனது. டிக் டிக் டிக்... ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இதோ... ஐந்து! கும்மென்று எழுந்து நின்றது மேடு.

கத்தக் கூடாது. பிள்ளை எழும்பினால் கெட்டது. றிபாஸ் இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தான். சிபானா கண்ணீரோடு அவன் முதுகில் குத்தினாள். அதற்கும் சத்தமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள் நிரோஜினி.

கடைசியில் மிஷினை நிறுத்தினாள். "ரெண்டு பக்கமும் பாதை கிளியர். இனிக் கத்துங்கோ!"

"அல்ஹம்துலில்லாஹ்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திடுக்கிட்டு விழித்த பஸால், வாப்பாவுக்குச் சளைக்காமல் வீரிட்டான்.




"அழுங்க மனே," வாரியணைத்துச் சிரித்தாள் சிபானா. "நல்லா அழுங்க!"