பல்லிக்கைக்கு வைத்த பொட்டு

ஆயுதபூஜை லீவு முடிந்து லைன் ஓடத் தொடங்கியதுமே சரோஜா துடைக்கிற துணியைக் கையில் வைத்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரகடத்துக் கண்ணாடிக் கம்பெனியில் அவளுக்கு மெஷின் துடைக்கிற வேலை. அங்கே ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்க ஓர் இயந்திரக் கை இருந்தது. பல்லியின் காலைப் பார்த்துச் செய்ததாம். பசை கிடையாது, கொக்கி கிடையாது. உள்ளங்கையில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள், அதுதான் பிடி. அதில் தூசு, எண்ணெய், விரல் எதுவும் படக்கூடாது, மயிர் அடைத்தால் பிடி விட்டுப்போகும் என்று சூப்பர்வைசர் புருஷோத்தமன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

பூஜையன்று எல்லா மெஷினுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார்கள். உழைக்கிறது கைதானே என்று, அந்த உள்ளங்கையிலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டாள் சரோஜா. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. இன்று மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து ஈரத்துணியால் துடைத்தாள். பார்வைக்குச் சுத்தம். மயிருக்குள் போனதை யார் கண்டது?

சொன்னால் கான்ட்ராக்ட் வேலை அன்றோடு போகும். சொல்லாமல் இருக்கவோ, கைக்கு அடியில் தங்கமாரி நிற்கிறாள். சுங்குவார்சத்திரத்து ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வரும் தெற்கத்திப் பெண். தொங்கும் கண்ணாடிக்குக் கீழே குனிந்து ரப்பர் மாட்டுகிறவள்.

முதல் கண்ணாடி விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள். மூன்றாவது கண்ணாடியின் ஒரு முனை லேசாகத் தாழ்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடியா, தன் பயமா? தங்கமாரி குனிந்தாள்.

சரோஜா சிவப்புப் பொத்தானை அடித்தாள். லைன் நின்றது.

புருஷோத்தமன் ஓடிவந்து மேலே பார்த்தார். கண்ணாடி ஆடாமல் தொங்கியது. நன்றாய்த்தானே இருக்கிறது என்று சலித்துக்கொண்டு, விலகி நின்ற தங்கமாரியை வேலையைப் பார்க்கச் சொன்னார். அவளும் கால் எடுத்து வைத்தாள்.

"உள்ள போவாதடி," என்றாள் சரோஜா. "சார், அந்தக் கையில சந்தனம் கீது. பூஜைக்கு நான்தான் வெச்சேன்."

"மெஷினுக்கு இன்னா கண்ணாலமா?" என்று யாரோ சிரித்தார்கள். புருஷோத்தமன் சிரிக்கவில்லை. தங்கமாரியின் தோளைப் பிடித்து தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே இழுத்தார்.

கண்ணாடி ஒரு பக்கமாக நழுவியது. அப்புறம் மொத்தமாக வந்தது. அவள் குனிகிற இடமெல்லாம் சில்லு.

சத்தம் அடங்கிய பிறகு தங்கமாரி திரும்பினாள்.

"எக்கா, மொத ரெண்டுக்கும் அடியில நான்தான நின்னேன். அப்பமே ஒங்களுக்குத் தெரியுமா?"

சரோஜா அவள் குனிகிற இடத்தில் குனிந்து சில்லைப் பொறுக்க ஆரம்பித்தாள்.