தெஹிவளையிலிருந்து முப்பது நிமிடம்

…ஆகவே பிழை என்னுடையதல்ல, இதை நான் வெள்ளவத்தையில் மட்டக்குளி பஸ் ஏறும்போதே தீர்மானித்துவிட்டேன், விஷயம் தெரிந்தவன் தீர்மானத்தை முதலில் எடுப்பான், காரணம் பின்னால் ஓடிவந்து பஸ்ஸில் தொற்றிக்கொள்ளும், இதோ தொற்றிக்கொண்டுதான் நிற்கிறது, நடத்துநர்கூடக் காசு கேட்கவில்லை… என் புரோகிராம் பிழை விடுகிற சாதி இல்லை, போட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது, எழுபத்திரண்டில், துளை போட்ட அட்டைகளில், அந்த அட்டைக் கட்டு ஒருநாள் வெள்ளவத்தை வாய்க்காலில் விழுந்தது, எடுத்து உடுப்புக் கொடியில் மூன்று நாள் காயவைத்தேன், ஒரு அட்டையை மீன் தின்றுவிட்டது, அதன் பிறகு புரோகிராம் முன்னையைவிட வேகமாக ஓடியது, நம்பாதவர்கள் வாய்க்காலைக் கேட்கலாம். அப்படிப்பட்டதை நிற்பாட்டப் போகிறார்களாம், கொட்டாஞ்சேனையில் மருந்துக் கொம்பனி நடத்துகிற எங்கள் முதலாளி திங்கட்கிழமை சொன்னார், "வியாழக்கிழமை இன்னொருக்காப் பாப்பம், சரிவராட்டி இந்தப் பழசை நிப்பாட்டுவம்" என்று, சொல்லும்போது கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார், எழுபத்தோரு வயதில் ஒருவனை அப்படிப் பார்க்கலாமா… இன்றைக்கு வியாழக்கிழமை. எங்கள் டிரைவர் தாஸிமின் வான் தெஹிவளைக் குளிர்க் களஞ்சியத்திலிருந்து ஏழரைக்கு வெளிக்கிட்டிருக்கும், உள்ளே அறுபது போத்தல் இன்சுலின், அது கெடாமல் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தால் நானும் என் போட்ரானும் மிச்சம். சேரும், ஏன் சேராது, பிழையைத்தான் நான் பிடித்துவிட்டேனே, செவ்வாய்க்கிழமை, குளிக்கும்போது, ஒரு காதில் சவர்க்காரத்தோடு.

பிழை இதுதான், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பன்னிரண்டு இடங்கள், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் தாயம் என்பார்கள், நாங்கள் டேபிள் என்போம். நிரை எந்த இடத்திலிருந்து, நிரல் எந்த இடத்துக்கு. என் போட்ரான் அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழாக, நிரல் நிரலாக, ஒரு கோப்பில் கொட்டும், அது அதன் வளர்ப்பு. எங்கள் கந்தோரில் மற்றக் கம்ப்யூட்டர்க்காரி பிறிஜெற், அவளுடைய புரோகிராம் சி மொழியில், அது அதே கோப்பை எடுத்து இடமிருந்து வலமாக, நிரை நிரையாக அடுக்கி, எந்த வான் எத்தனை மணிக்கு, எத்தனை பை ஐஸோடு என்று அச்சடிக்கும். அதாவது 'இருந்து'வும் 'க்கு'வும் இடம் மாறிப்போகும். ஏழு வருஷமாக மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அப்போது கட்டத்துக்குள் இருந்தது மைல், தெஹிவளையிலிருந்து கொட்டாஞ்சேனை எத்தனை மைலோ அத்தனை மைல்தானே கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை, கட்டத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே முகம்… இப்போது மைலால் யார் பயணம் போகிறார்கள், நிமிடத்தால்தான், இந்தப் பரிசோதனைச் சாவடிகள் வந்த பிறகு காலையில் நகரத்துக்குள் வர எண்பது நிமிடம், வெளியே போக முப்பது, போகிறவனை ஒருவரும் மறிப்பதில்லை, போனால் நல்லதென்ற எண்ணமாக இருக்கும். அதனால் போன மாதம் நானே மைலை அழித்து நிமிடத்தைப் போட்டேன், திங்கட்கிழமை முதல் ஓட்டம், எண்பதுக்கு மூன்று பை ஐஸ் வைக்கவேண்டிய இடத்தில் முப்பது என்று அச்சடித்து ஒரு பை வைத்தார்கள், வான் வந்து சேரும்போது இன்சுலின் ரசம் மாதிரிச் சுட்டது. சரி, செவ்வாய்க்கிழமை பின்னேரம் போய் என் பக்கத்திலேயே கட்டத்தைத் திருப்பி எழுதச் செய்துவிட்டேன், இரண்டு வரி, பிறிஜெற்றுக்குச் சொல்லவில்லை, சொன்னால் ஏழு வருஷமாக என் பக்கம் குறுக்கே எழுதியது என்றல்லவா ஆகும், இல்லை, அவள் பக்கம் குறுக்கே வாசித்தது என்று சொல்லலாம், ஆனால் அவளுக்கு நாற்பது வயது, கொச்சிக்கடையில் பிறந்தவள், வாயால் என்னை வெல்லுவாள்.

அவளும் செவ்வாய்க்கிழமை எங்கேயோ போனாள், ஓம், அந்தோனியார் கோயிலுக்கு, செவ்வாய் தவறமாட்டாள், அங்கிருந்து திரும்பவும் கந்தோருக்கு வந்திருக்கிறாள், நான் வெளிக்கிட்ட பிறகு, காவலாளி சொன்னான், ஏன்… நேற்று அச்சுத்தாளை நீட்டும்போது ஒரு சிரிப்பு, "அங்கிள், நாளைக்கி நிம்மதியா வாங்க, நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி வெச்சிட்டேன்." நான் மனதுக்குள் சிரித்தேன், அந்தோனியார் தொலைந்த சாவியைக் கண்டுபிடிப்பார், கட்டம் திருப்பமாட்டார், பாவம் பிள்ளை, பெருமையை அவருக்கே விடுவோம் என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன், விரித்தே பார்க்கவில்லை, தன் கையால் சரிபண்ணியதை ஒருவன் விரித்துப் பார்ப்பானா…

பஸ் நின்றுவிட்டது. மருதானைக்குக் கிட்டச் சாவடி, எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறவேண்டும், எனக்கென்ன, தினமும் செய்கிற தேகப்பயிற்சி. ஆமிக்காரன் என் சட்டைப்பையைத் தொட்டுத் தாளை எடுத்து விரித்தான், அப்போதுதான் எனக்கு உறைத்தது, கொழும்பில் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் என்று விபரமாக எழுதிய தாள், வைத்திருப்பவன் பெயர் நமசிவாயம், இந்தக் காலத்தில் இதைவிட ஒரு துவக்கை வைத்திருந்தால் விளங்கப்படுத்துவது சுகம். "மேக்க மொகக்த சீயா?" என்றான், இதென்ன தாத்தா என்று. மருந்து வான் ஓடுகிற நேரம் மஹத்தயா, இன்சுலின், சீனி வருத்தத்துக்கு, என்று என் நல்ல சிங்களத்தில் சொன்னேன், என் சிங்களத்தைக் கேட்டு ஒருமுறை ஒரு நீதவான் எழுந்து நின்றிருக்கிறார். அவன் விரலை வைத்து மெதுவாக வாசித்தான், தெஹிவளையிலிருந்து கொட்டாஞ்சேனை… பிறகு சிரித்தான், கோபமும் கொஞ்சம் கலந்த சிரிப்பு, பக்கத்தில் நின்றவனையும் கூப்பிட்டுக் காட்டிச் சிங்களத்தில் சொன்னான், "முப்பது நிமிடமாம்! காலையில, நாங்க இங்க நிக்கக்குள்ள, முப்பது நிமிடமாம்!"

முப்பது? எண்பதல்லவா இருக்கவேண்டும், நான்தானே திருப்பினேன், தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன், முப்பதுதான், ஐஸ் ஒரு பை… திருப்பியது திரும்பியிருக்கிறது, அப்படியென்றால் ஒருதரம் அல்ல, இரண்டுதரம் திருப்பப்பட்டிருக்கிறது, மெழுகுதிரி வெச்சிட்டேன் என்றாளே, அந்தச் சிரிப்பு, அது பக்திச் சிரிப்பே அல்ல, செவ்வாய் பின்னேரம் கந்தோருக்கு ஏன் வந்தாள் என்று இப்போது விளங்குகிறது, கிழவனை வருத்தக்கூடாதென்று சத்தம் போடாமல் தன் பக்கத்தில் திருப்பியிருக்கிறாள், நான் சத்தம் போடாமல் என் பக்கத்தில்… கட்டம் சதுரமாக இருந்ததால் கம்ப்யூட்டர் ஒரு இருமல்கூட இருமவில்லை.

பின்னால் பார்த்தேன், வரிசையில் பத்தாவதாகத் தாஸிமின் வான். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன், ஓடினேன் என்றே வைத்துக்கொள்ளலாம். "ஐயா, ஒரு பைதான் போட்டேன், பேப்பர்ல அப்படித்தானே ஈக்கிது" என்றான் தாஸிம், கதவைத் திறந்தால் ஐஸ் கரைந்து கடலைக் கொட்டையளவு. தெருவுக்கு அந்தப் பக்கம் மர்ஸூக்கின் பலூடாக் குளிர்பானக் கடை, அவர் காலையிலேயே ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைப்பவர், "ஐஸ் எல்லாத்தையும் தந்தா நான் பலூடாவுக்கு என்னத்தப் போடுறது?" என்றார், "மர்ஸூக் நானா, உங்கட சர்பத்தைக் குடிச்சுச் சீனி ஏறின சனத்துக்குத்தான் இந்த மருந்து" என்றேன், உடனே கோணிப்பை தேடினார். மூன்று கட்டி. இன்சுலின் கொஞ்சம் ரோஜா மணக்கும், போத்தலுக்கு வெளியேதான், அறுபதும் தப்பிவிட்டன, இதை நான் அடக்கமாகவே சொல்கிறேன்.

மீதி தாள்தான். இதே கணக்கில் பத்தரைக்கு இன்னொரு வான், அதற்குமுன் கட்டம் சரியாகவேண்டும், சரியானால் முதலாளிக்குக் காட்ட முகம் உண்டு. பக்கத்துக் கொமினிகேஷனில், அதுதான் தெலிபோன் கடையில், நின்று கந்தோருக்கு எடுத்தேன். "அங்கிளா? எங்க நிக்கிறீங்க?" என்றாள். "பிள்ளை, செவ்வாய்க்கிழமை நீர்…" என்றேன், அதே நேரம் அவளும், "அங்கிள், செவ்வாய்க்கெழம நீங்க…" இரண்டுபேரும் நிறுத்தினோம். "ஐயோ மாதாவே" என்றாள், பிறகு சிரித்தாள், நானும். "நான் என்ர பக்கத்தை எடுத்துவிடுறன் பிள்ளை." "இல்ல அங்கிள், நீங்க பெரியவங்க, நான் எடுத்துடுறேன்." "வேண்டாம், உம்முடையது இருக்கட்டும்." "இல்ல, உங்கடதே இருக்கட்டும் அங்கிள், நான்…" அவ்வளவுதான், லைன் செத்துவிட்டது, திரும்ப எடுத்தால் ஊமை. கடைக்காரர் கையை விரித்தார்.

வானில் ஏறி மடியில் ஒரு ஐஸ் கட்டியோடு இருக்கிறேன், நனைகிறது, பரவாயில்லை. போனவுடன் என் இரண்டு வரியையும் எடுத்துவிடவேண்டும். ஆனால் அவள் இப்போதே தன்னுடையதை எடுத்துக்கொண்டிருப்பாள், நானும் எடுத்தால் மறுபடி திங்கட்கிழமை முப்பது… சரி, எடுக்காமல் விடுவோம், ஆனால் பெரியவர் சொல்லிவிட்டாரே என்று அவளும் எடுக்காமல் விட்டால் இன்றைய முப்பதுதான்… அவள் மரியாதை தெரிந்தவள். நானும் தெரிந்தவன்தான். இத்தனை வருஷத்தில் எனக்கு முதன்முதலாகப் பயம் பிடிப்பது அதை நினைத்துத்தான்.