உட்காரச் சொன்னவள்

என் சலவை நிலையத்துக்கு வேன் ஓட்ட ஆள் கேட்டிருந்தேன். வந்து நின்றவரைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. வேலை கொடுத்தேன்.

ஒரு காலத்தில் அவர் வீட்டில்தான் நான் துணி தேய்த்தேன். வேலைக்காரர்கள் எல்லாரும் அவரைச் சின்னவர் என்போம். எங்கள் விஷயம் தெரிந்ததும் அவர் அம்மா அன்றே கணக்கை முடித்து என்னை அனுப்பிவிட்டார். சின்னவர் மாடியை விட்டு இறங்கவே இல்லை. பிறகு நான் தலையெடுத்தேன், அவர்கள் நொடித்துப் போனார்கள். இதில் என் சாமர்த்தியம் பாதி, அவர் அப்பாவின் அசட்டுத்தனம் பாதி.

என் பழைய கதை தெரிந்த பில் போடும் பெண் ஒரு காதல் நாவல் பைத்தியம். "அக்கா, கதைல இந்த இடத்துல அவர் உங்க கால்ல விழுவாரு. நீங்க பழி வாங்குவீங்க. அப்புறம் கல்யாணம்."

"முதல்ல ஹோட்டல் பில்லைப் போடு."

ஆனால் கல்யாணப் பேச்சு வந்தேவிட்டது. ஒரு மதியம் படுக்கை விரிப்புகளை இறக்கிவிட்டு என் அறைக்கு வந்தார்.

"அன்னைக்கு நான் வாயைத் திறக்காதது தப்பு. இப்பவாவது கேக்குறேன். கல்யாணம் பண்ணிக்கலாமா?"

கேட்க மாட்டாரா என்று எத்தனையோ வருடம் ஏங்கிய கேள்வி. காதில் விழுந்தது, அவ்வளவுதான். சரி என்று சொல்லிவிட்டால் மரத்துப்போன மனசு கொஞ்சம் அசையுமோ என்று ஒரு சபலம்.

"உட்காருங்க," என்றேன்.

"பரவாயில்ல மேடம். நிக்கிறேன்."

அவர் வீட்டில் யாரும் இல்லாதபோது சோபாவைக் காட்டி என்னை உட்காரச் சொல்வார். நானும் இதையேதான் சொல்வேன். அவரோடு பழகியது ஆசையாலா, வேலை போய்விடுமோ என்ற பயத்தாலா? இரண்டும்தான். எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

"நான் இன்னும் துணி தேய்ச்சிட்டு இருந்தா, இதைக் கேட்டிருப்பீங்களா?"

வேன் சாவியைக் கை மாற்றிப் பிடித்தார். "தெரியல," என்றார். பொய் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நல்லது.

"வேற இடத்துல வேலை தேடிக்குங்க. அப்புறமும் கேக்கணும்னு தோணினா வாங்க. வந்ததும் உட்காருங்க. நான் சொல்லணும்னு காத்திருக்காதீங்க."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கால் வலித்தது. அவர் உள்ளே வந்தபோது எழுந்தவள், இன்னும் உட்காரவே இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.